காமன் பொட்டலில் காணாமல் போன வெளிச்சம்

நானுஓயா ஸ்டேஷனில் ரயில் நின்றபோது என் மடியில் இரண்டு லேசர்களும் கையில் ஒரு இறால் வடையும் இருந்தன. எதை முதலில் பத்திரப்படுத்துவது என்று யோசிக்க நேரமில்லை. வடையை வாயில் திணித்துக்கொண்டு, பையை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கினேன். வடை சுற்றியிருந்த காகிதம் ஏதோ ஒரு பிள்ளையின் கணக்குக் கொப்பியிலிருந்து கிழித்தது. முதல் கணக்கு சரி, இரண்டாவது தப்பு. ஏன் தப்பு என்று பிளாட்பாரத்தில் நின்று போட்டுப் பார்த்தேன். அது என் குணம்.

லேசர் என்றதும் சினிமா வில்லன் கையிலிருக்கும் துப்பாக்கியை நினைத்துக்கொள்ள வேண்டாம். என்னுடையது சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு அலுமினியப் பெட்டி. உள்ளே தலைமயிர் கனத்தில் ஒரு கண்ணாடி இழை, சில மீட்டர் நீளத்துக்கு, வளையமாகக் கிடக்கும். அந்தக் கண்ணாடியில் எர்பியம் என்ற அருமண் உலோகத்தைச் சிட்டிகையிலும் சிட்டிகையாகச் சேர்த்திருப்போம். இழை நீளம் குறைந்தால் வெளிச்சத்தில் தெம்பு இருக்காது. கூடினால் தான் பெற்ற வெளிச்சத்தைத் தானே தின்றுவிடும். உப்புப் போடுகிற மாதிரிதான், ஆனால் ருசி பார்த்துச் சரிசெய்ய முடியாது.

இந்த எர்பியத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். செய்தி சுமக்கிற வெளிச்சம் கண்ணாடி இழைக்குள் பல மைல் ஓட வேண்டும். போகிற வழியெல்லாம் கண்ணாடி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். கண்ணாடி மிகக் குறைவாகக் குடிக்கிற நிறம் ஒன்று உண்டு, நம் கண்ணுக்குத் தெரியாத நிறம். எர்பியம் ஒளி விடுவதும் மிகச் சரியாக அதே நிறத்தில்தான். கண்ணாடியாகிற மணலும் இந்த உலோகமும் எங்கேயும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருடமாக இதே வேலைதான் பார்க்கிறேன், இன்னும் நினைத்தால் எனக்குக் கை மயிர் சிலிர்க்கும்.

சென்னையில் எங்கள் ஆய்வுக்கூடம் செய்த பெட்டிகள் இவை. இலங்கை மலையகத்தில், லிந்துலையில் இருக்கும் கருவி அறைக்கும், டயகமவுக்கு மேலே ஒரு தோட்டத்தின் மேல் டிவிஷனில் உள்ள பள்ளிக்கூடத்துக்கும் ஏற்கெனவே இழை போட்டிருக்கிறார்கள். நடுவில் மின்சாரம் கொடுத்து வெளிச்சத்தைத் தூக்கிவிட இடமில்லை. ஆகவே ஆரம்பத்திலேயே தெம்பான வெளிச்சம் வேண்டும். கீழே ஒரு பெட்டி, மேலே ஒரு பெட்டி. அதற்குத்தான் என்னை அனுப்பினார்கள்.

லிந்துலையில் அசங்க காத்திருந்தார். இந்த லைனைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனியின் இன்ஜினியர். நுவரெலியாவில் பிறந்து வளர்ந்த சிங்களவர், தமிழை மலையகத் தமிழாகவே பேசுகிறார். எங்கள் திருச்சிப் பக்கத்துப் பேச்சு, கடல் தாண்டி, ஸ்வெட்டர் போட்ட ஒரு சிங்களவர் வாயிலிருந்து வந்தது எனக்கு முதல் அதிசயம்.

"மேடம், குளிருதாங்க? மொதல்ல ஒரு பிளேன்டீ குடிங்க. வெளிச்சம் எங்கயும் ஓடிறாது," என்றார்.

பாலில்லாத தேநீர், பக்கத்தில் ஒரு துண்டுச் சக்கரை. சக்கரையைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். எங்கள் ஊரில் டீ என்பது பாலுக்கு நிறம் ஏற்றும் வித்தை. இங்கே அது தேயிலையின் சாறு. மூன்று கிளாஸ் குடித்தேன், குளிர் போகவில்லை, ஆனால் அதைப் பற்றிய கவலை போய்விட்டது.

கீழ்ப் பெட்டியை அசங்கவிடம் ஒப்படைத்துவிட்டு, மேல் பெட்டியோடு த்ரீவீலர் என்கிற ஆட்டோவில் ஏறினேன். அக்கரப்பத்தனை தாண்டி, எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கப் போய் முன்சக்கரம் கானுக்குள் இறங்கிவிட்டது. வடிகாலை இங்கே கான் என்கிறார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கித் தூக்கிப் பார்த்தார்கள். சக்கரம் வந்தது, அதன் அச்சு வரவில்லை. சிங்களத்தில் ஒரு பெண்மணி என் பையைக் காட்டி ஏதோ கேட்டார். "குழந்தையை ஏன் இப்படி மூச்சு முட்டக் கட்டி வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார்," என்றார் டிரைவர். குழந்தை இல்லை, இயந்திரம் என்று சொல்லச் சொன்னேன். அந்த அம்மாளுக்கு அது இன்னும் பரிதாபமாகப் பட்டது.

கடைசியில் ஒரு கொழுந்து லொறி ஏற்றிக்கொண்டது. இலையை ஃபாக்டரியில் இறக்கிவிட்டு வெறும் சாக்குகளோடு மேலே திரும்புகிற வண்டி. பச்சை வாசனை அடிக்கும் சாக்குக் குவியலில் நானும் லேசரும் உட்கார்ந்தோம். இதைவிட நல்ல மெத்தையை எங்கள் ஆய்வுக்கூடம் வாங்கித் தந்ததில்லை. வளைவுக்கு வளைவு மலை திறந்துகொண்டே போனது. இவ்வளவு பச்சையை ஒரே இடத்தில் பார்த்தால் மனசு கொஞ்சம் பயப்படுகிறது. யாரிடமும் பேசாமல் வாயைத் திறந்தபடி வந்தேன்.

பள்ளிக்கூடத்தில் பிரேமா டீச்சர் எதிர்கொண்டார். முப்பது வயதிருக்கும். உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் நடத்துகிறவர் அவர்தான். நாம் இயற்பியல் என்கிறோமே, அது. கோதுமை மாவில் தேங்காய் போட்டுச் சுட்ட ரொட்டியும், மிளகாயை இடித்துச் செய்த, கண்ணில் நீர் வரவழைக்கும் கட்டச் சம்பலும் கொண்டுவந்து வைத்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது சொன்னார்:

"நான் படிச்சது தமிழுங்க மேடம். பௌதிகவியலுக்கு யாரும் இங்க வர மாட்டேங்குறாங்க. அதனால நான்தான் நடத்துறேன். இன்னிக்கு நடத்துனது நேத்து ராத்திரி படிச்சது. பிள்ளைங்க ஏதாச்சும் கேட்டா அதட்டி உட்கார வச்சிருவேன். தெரியலங்கிறத மறைக்கத்தான் அதட்டுறேன்னு அதுங்களுக்கும் தெரியும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மட்டக்களப்பில் ஒரு நல்ல பௌதிகவியல் ஆசிரியர் திரை வழியே பாடம் நடத்த ஒத்துக்கொண்டிருக்கிறார். பழைய லைனில் முயன்று பார்த்தார்களாம். அவர் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பாராம், பாடம் முடியும்வரை. என் வெளிச்சம் வந்தால் அந்தக் குறை தீரும். வராவிட்டால்? நாளை மறுநாள் கொழும்பிலிருந்து கம்பெனிப் பெரியவர் வருகிறார். வேலை செய்தால் பெட்டிகள் இங்கேயே இருக்கும், செய்யாவிட்டால் கழற்றிக் கீழே டவுனில் வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுவார். அதை அசங்க எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தார். பிரேமா டீச்சருக்கும் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை பெட்டியை மாட்டி சுவிட்சைப் போட்டேன். கீழேயிருந்து வெளிச்சம் வரவில்லை. வந்த துளியும் அளவுக் கருவிக்கு எட்டவில்லை. நான் அனுப்பியதும் அசங்கவுக்குப் போய்ச் சேரவில்லை.

"லைன்ல பிழை இல்லங்க மேடம்," என்றார் அசங்க போனில். "அதே இழையிலதான் பழைய வெளிச்சமும் ஓடுது. அது நல்லா வருதே."

அப்படியானால் என் லேசர்தான் பிழை. இரண்டும் ஒரே நாளில் எப்படிக் கெடும்? லொறிக் குலுக்கலா, குளிரா? சென்னை வெயிலில் பிறந்த பிள்ளைகள், இந்தக் குளிரைத் தாங்கவில்லையோ? ஆசிரியர் அறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெட்டியின் மூடியைக் கழற்றினேன். கை விறைத்து, திருகாணி இரண்டு தடவை தரையில் உருண்டது. என்னையும், குளிரையும், எர்பியத்தைக் கண்டுபிடித்தவரையும் சேர்த்துத் திட்டினேன். தமிழ் படித்த டீச்சர் பக்கத்தில் இருக்கிறார் என்பது மறந்துவிட்டது.

ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். அறை இருண்டதும் பெட்டிக்குள்ளிருந்த இழை வளையம் பச்சையாக ஒளிர்ந்தது. மெல்லிய, குளிர்ந்த பச்சை. பிரேமா டீச்சர் மூச்சை இழுத்துக்கொண்டார்.

"இதுதாங்களா அந்த வெளிச்சம்?"

"இது இல்ல டீச்சர். உள்ள ஊட்டுற சக்திய சில அணு ரெண்டு தடவ வாங்கிக்கிது. அந்தக் கூடுதல்தான் இப்படிப் பச்சையா கசியுது. வேலை செய்யிற வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. தெரியாதுங்கறதாலயே ஆபத்து. இழை முனைய மட்டும் கண்ணுக்கு நேரா கொண்டுபோயிடாதீங்க."

அவர் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றே பார்த்தார். "சக்திய வாங்கி உடனே விட்ருமா?"

"நொடியில நூத்துல ஒரு பங்கு நேரம் வச்சிருக்கும்."

"அவ்வளவுதானா."

"அணுக் கணக்குல அது ஒரு ஆயுசு. மத்ததெல்லாம் வாங்கின கையோட விட்டுடும். இது மட்டும் காத்திருக்கும், சரியான வெளிச்சம் பக்கத்துல வர்ற வரைக்கும். வந்ததும் அதோட சேர்ந்து அதே பக்கம், அதே தாளத்துல போகும்."

அவர் பச்சை வளையத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு, "இத அந்தப் பிள்ளைங்க கேக்கணுங்க மேடம். நான் சொன்னா இப்படி வராது," என்றார்.

பச்சை ஒளிர்கிறது என்றால் எர்பியம் உயிரோடுதான் இருக்கிறது. பெட்டியிலிருந்து வெளியே வரும் இணைப்பு இழையில் அளவுக் கருவியைச் செருகினேன். முழு வெளிச்சமும் வந்தது. பிறகு ஏன் போய்ச் சேரவில்லை? எரிச்சலோடு அந்த இணைப்பு இழையை எடுத்து வைப்பதற்காக விரலில் சுற்றினேன், நூல்கண்டு சுற்றுகிற மாதிரி. கருவியின் எண் சரசரவென்று இறங்கியது. விரலை எடுத்தேன், ஏறியது. சுற்றினேன், இறங்கியது.

என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். என் துறையில் முதல் வருடப் பாடம் இது. இழையை இறுக்கி வளைத்தால் வெளிச்சம் வளைவிலேயே வெளியே ஒழுகிவிடும். பழைய வெளிச்சம் சின்ன அலை. வளைவில் அது ஓரளவு ஒட்டிக்கொண்டு ஓடிவிடும். என்னுடையது கொஞ்சம் நீண்ட அலை, அதற்குத் தாராளமாகத் திரும்ப இடம் வேண்டும். லைனில் எங்கோ யாரோ இழையைச் சுருட்டியிருக்கிறார்கள்.

அசங்கவிடம் சோதனைக் கருவியை என் நிறத்துக்கு மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் அதுவரை பழைய நிறத்தில்தான் பார்த்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "மேடம், ஸ்கூலுக்குக் கிட்டத்தான். ஸ்கிரீன்ல கோடு பெரிய பள்ளமா விழுது. கடைசி ரெண்டு மூணு கம்பத்துக்குள்ள பாருங்க."

பிரேமா டீச்சரும் நானும் கம்பம் கம்பமாக நடந்தோம். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு முன்னால், கோயில் பக்கத்தில் ஒரு திறந்த வெளி. மாசி மாதம். அங்கே காமன் கூத்துக்குக் காமன் ஊன்றியிருந்தார்கள். வைக்கோல் புரி சுற்றிய ஒரு கம்பு, மஞ்சள் துணி, சுற்றிலும் கோலம். தேவர்கள் ஏவ, தவத்திலிருந்த சிவன்மேல் மன்மதன் அம்பு விட்டதும், அவர் கண் திறந்து அவனை எரித்ததும், ரதி அழுததும் இங்கே ஒவ்வொரு வருடமும் நடக்கிற கதை. காமன் ஊன்றிய வெளிக்கு உள்ளேயே, ஓரமாக நின்றது எங்கள் கம்பம்.

அதில் நான் தேடியது இருந்தது. கறுப்பு வயர், நாலாக எட்டாக மடித்து, சாணளவுக் கட்டாக, நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி, மழை படாமல் பிளாஸ்டிக் சாக்கு சுற்றி, மேலே ஒரு மஞ்சள் துண்டும் முடிந்து தொங்கியது. அவ்வளவு அக்கறையாகக் கட்டிய ஒரு தவறை நான் பார்த்ததே இல்லை.

"நாங்கதாங்க கட்டுனோம்," என்றார் சுப்பையா. கூத்தை நடத்துகிற மாஸ்டர் அவர். "காமன் எரிக்கிறப்ப கயித்துல வாணம் ஓடி வருங்க. ஒங்க வயரு சரியா அதுக்குக் குறுக்க போச்சு. கம்பெனிக்கு ரெண்டு தடவ சொல்லியனுப்புனோம், ஒருத்தரும் வரல. பிள்ளைங்க படிக்கிற வயரு, நெருப்புப் பட்டுறக் கூடாதுல்ல. அதான் இந்தப் பக்கமா திருப்பி, மிச்சத்த நல்லா மடிச்சு இறுக்கிக் கட்டிட்டோம்."

திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டேன். நல்லா மடிச்சு, இறுக்கி. வேறு எந்த வயராக இருந்தாலும் அவர்கள் செய்தது சரி. இதற்குள் ஓடுவது வெளிச்சம் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். கட்டை அவிழ்த்து, பெரிய வளையமாகச் சுற்றினால் போதும், பழைய இடத்துக்குப் போகவேண்டியதில்லை என்றேன். மாஸ்டர் முகம் சுருங்கியது.

"செய்யலாங்க. ஆனா காமன் ஊன்டிக் காப்புக் கட்டியாச்சு. காப்புக் கட்டாதவுங்க உள்ள கால் வைக்கக் கூடாது. எரிச்சு முடிஞ்சதும் மொத வேல அதான்."

எரிப்பது இன்னும் நாலு நாள் கழித்து. பெரியவர் வருவது நாளை. பிரேமா டீச்சர் அந்த ஊர்ப் பெண், அந்தக் காப்பின் கனம் அவருக்குத் தெரியும். கெஞ்சவில்லை. கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அப்போதுதான் லயத்துப் பக்கமிருந்து ரதி வந்தாள். ரதி என்றால் யோகராஜ். ஃபாக்டரியில் வேலை செய்கிற வாட்டசாட்டமான ஆள். ரதியும் மன்மதனும் வேஷத்தோடு வீடு வீடாகப் போய் வரும் நாள் அது. முகத்தில் ரோஸ் பவுடர், சிவப்புச் சேலை, கையில் காப்பு, கக்கத்தில் ஒரு தண்ணீர் போத்தல். விஷயத்தை மாஸ்டர் சொல்லக் கேட்டார்.

"காப்புக் கட்டாதவங்கதானே போகக் கூடாது," என்றார் யோகராஜ். "நான் கட்டியிருக்கேனே மாஸ்டர்."

"ரதி போஸ்ட்டுல ஏறுறதா?"

"ரதி புருஷனுக்காக கைலாசத்துக்கே போனவ. போஸ்ட்டுல ஏற மாட்டாளா?"

மாஸ்டர் கொஞ்ச நேரம் காமனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "எதுல சுத்தணும்?" என்று கேட்டார். வட்டமாக, இவ்வளவு பெரிசாக, என்று கையை விரித்துக் காட்டினேன். உள்ளே போய், தோல் கிழிந்த பழைய தப்பு மேளம் ஒன்றின் வளையத்தை எடுத்து வந்தார். என் கை காட்டிய அளவில் அச்சாக இருந்தது.

யோகராஜ் சேலையை வரிந்து கட்டினார். ஏணியைச் சாத்தி ஏறினார். நான் கோலத்தின் எல்லைக் கோட்டுக்கு வெளியே செருப்பில்லாமல் நின்று, "இறுக்காதீங்க, மெதுவா, தளர்வா," என்று கத்தினேன். பிரேமா டீச்சர் மேலே பள்ளிக்கூடத்துக்கு ஓடினார், அளவுக் கருவியைப் பார்க்க. போனில் அந்த இடத்தில் சிக்னல் கிடையாது. படியில் நின்று கத்துவதுதான் ஏற்பாடு.

"ஏங்க, இதுக்குள்ள வெளிச்சம் ஓடுதுங்குறீங்க, ஒண்ணும் தெரியலயே," என்றார் யோகராஜ் மேலிருந்து.

"கண்ணுக்குத் தெரியாதுங்க."

"எங்க கதையும் அப்படித்தாங்க. எரிச்சதுக்கு அப்புறம் அவரு ரதி கண்ணுக்கு மட்டுந்தான் தெரிவாரு." ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தார். குழந்தை தலையில் சிக்கெடுப்பதுபோல அவ்வளவு பொறுமை. கட்டு பிரியப் பிரிய, தப்பு வளையத்தில் கறுப்புச் சுற்று ஏறியது. கீழே நின்றவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான். என் வாழ்க்கையில் எத்தனையோ லேசர் பார்த்திருக்கிறேன், ரோஸ் பவுடர் போட்ட ரதி ஒருவர் அதற்கு வழி திறந்துவிட்டதை அன்றுதான் பார்த்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது, குளிரால் இல்லை.

கடைசி மடிப்பு பிரிந்தது. மேலே பள்ளிக்கூடப் படியிலிருந்து பிரேமா டீச்சரின் குரல் தேயிலைக்கு மேலாக வந்தது.

"வந்திருச்சுங்க மேடம். வந்திருச்சு."

அன்றிரவு எனக்கு அந்த ஊரில் நாலு வீட்டில் சாப்பாடு. நாலிலும் சாப்பிட்டேன்.

மறுநாள் கொழும்புப் பெரியவர் வந்தார், எண்களைப் பார்த்தார், தலையாட்டினார். கம்பத்தில் தொங்கிய தப்பைப் பார்த்து அசங்கவிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். "இது எந்தக் கம்பெனி சாமான் என்று கேட்கிறார்," என்று சொல்லிவிட்டு அசங்க இருமலில் சிரிப்பை மறைத்தார். காமன் எரித்ததும் முறைப்படி மாற்றிக்கட்டுவதாக எழுதிக்கொண்டார்கள். பெட்டிகள் இங்கேயே இருக்கும்.

வகுப்பறையில் திரையை மாட்டினார்கள். பிள்ளைகள் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். மட்டக்களப்பு ஆசிரியரின் முகம் வந்தது. உறையவில்லை. கண் சிமிட்டினார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார், சிரித்தார். எல்லாம் அந்தக் கணமே இங்கே வந்தது. ஓடுகிற வெளிச்சம் எதுவென்று எனக்கு அணு அணுவாகத் தெரியும். தெரிந்தும் வாசற்படியில் வாய் பிளந்துதான் நின்றேன்.

"பிள்ளையள், கேக்குதா? உங்கட டீச்சரைக் காணேல்லையே, எங்க அவ?" என்று கேட்டார் அவர்.

கரும்பலகைக்குப் பக்கத்தில், பிரேமா டீச்சர் எப்போதும் நிற்கும் இடம் காலியாக இருந்தது. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கடைசி பெஞ்சில் ஒரு மாணவியை நகர்ந்து உட்காரச் சொல்லி, அவர் உட்கார்ந்திருந்தார். புதுக் கொப்பியின் முதல் பக்கத்தைப் பிரித்து வைத்திருந்தார்.

"இங்கதான் இருக்கேங்க சார்," என்றார். "எனக்கும் மொதல்ல இருந்தே சொல்லிக் குடுங்க."